பிளாக் செய்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

வாசகர் ஒருவர் கேட்டது, 2025 ஜூன் 3

"பெண் நிருபர்களுக்குத் தொல்லை, மன உளைச்சல் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஒருவன் தப்பாகப் பேசினால் எண்ணை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? பத்திரிகைக்கு வருகிறவர்களுக்குத் தோல் கொஞ்சம் தடித்திருக்க வேண்டாமா? அதுவும் சேலம் மாதிரி ஊரில் இது என்ன அவ்வளவு பெரிய பிரச்சினையா?"

ஜூன் 3, இரவு 9.40

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். சேலம் மாதிரி ஊரில்தான் பெரிய பிரச்சினை. பெருநகரத்தில் உங்களை அசிங்கமாகத் திட்டுகிறவன் எந்த ஊர், என்ன பெயர் என்றே தெரியாது. இங்கே தெரியும். இரவு பதினொரு மணிக்கு அசடு வழிய எழுதியவர், மறுநாள் காலை ஆட்சியர் அலுவலக வாசலில் எதிரே வருவார். "என்ன மேடம், பதிலையே காணோம்?" என்று நான்கு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரித்து வைக்க வேண்டும்.

ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் பல வருடம் நிருபராக இருந்தேன். இப்போது வீட்டில் இருந்தபடி பிரதி திருத்தும் வேலை. இதற்கு மேல் என்னைப் பற்றித் துருவ வேண்டாம்.

ஜூன் 3, இரவு 10.25

பிளாக் விஷயத்துக்கு வருகிறேன்.

மாவட்ட நிருபரின் எண் யார் யாரிடம் இருக்கும் தெரியுமா? செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். ஒவ்வொரு காவல் நிலைய எழுத்தரிடமும், அரசு மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்திலும், தீயணைப்பு நிலையத்திலும், எல்லாக் கட்சி மாவட்டச் செயலாளர்களின் உதவியாளர்களிடமும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களிடமும், ஏற்காடு ஒண்டிக்கடையில் ஜீப் ஓட்டுபவரிடமும் இருக்கும். இருந்தே ஆக வேண்டும். எண் பரவப் பரவத்தான் செய்தி வரும். நானே வலியப்போய்க் கொடுத்த எண்தான் அது.

இப்போது அந்தப் பட்டியலில் ஒருவர் ஆரம்பிக்கிறார். முதலில் ரோஜாப்பூப் படம், காலை வணக்கம். அதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை, ஊரே அனுப்புகிறது. அப்புறம் இரவில் "சாப்பிட்டாச்சா?" பதில் போடாவிட்டால் "பிஸியா?" ஒரு மாதம் கழித்து "படம் மாற்றியிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது." அப்புறம் "சேலை உங்களுக்கு எடுப்பாக இருக்கும்." அப்புறம் ஒரு குரல் பதிவு. இதில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டினாலும் "இதற்கா?" என்பார்கள். அனுப்புகிறவருக்கும் அது தெரியும். அதனால்தான் இத்தனை நிதானமாக ஏறி வருகிறார்.

அதே மனிதர்தான் நள்ளிரவில் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதலில் எனக்குச் சொல்கிறவர். பிளாக் செய்தேன் என்று வையுங்கள். மறுநாள் அந்த விபத்து மற்ற எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கும். காலை எட்டு மணிக்கு டெஸ்க்கில் இருந்து கேட்பார்கள்: "நமக்கு ஏன் வரவில்லை?" அதற்கு என்ன பதில் சொல்வது?

ஜூன் 4, காலை 7.10

"ரோஜாப்பூ அனுப்பியதற்கே இவ்வளவு நீளமா?" என்று ஒருவர். ஐயா, குரல் பதிவு வரை படிக்கவும்.

ஜூன் 5, மாலை 6.30

"நேரில் ஏதாவது நடந்ததா, அல்லது எல்லாம் போனில்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். போனில் என்றால் கணக்கில் வராது போலிருக்கிறது. சரி, நேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஏற்காடு கோடை விழாவின் கடைசி நாள். மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, கலை நிகழ்ச்சி, பரிசளிப்பு என்று எல்லாம் முடிய இருட்டிவிட்டது. எங்கள் புகைப்படக்காரர் படம் அனுப்ப வேண்டும் என்று முன்னதாகவே பைக்கில் இறங்கிவிட்டார். பேருந்துக்காக நின்றிருந்தவர்களின் கூட்டத்தைப் பார்த்தால் ஏறவே முடியாது போலிருந்தது. ஒரு துறையின் அதிகாரி, எல்லாருக்கும் தெரிந்தவர், மேடையில் நன்றியுரை சொன்னவர், "நானும் சேலம்தான் போகிறேன், வாங்க" என்றார். அரசு வாகனம். முன்னால் ஓட்டுநர். மறுக்கக் காரணம் தோன்றவில்லை.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும். அவர் வளைவு வரும்போது தேவைக்கு மேல் சாய்ந்தார். வளைவு முடிந்த பிறகு நிமிரவில்லை. கேள்விகளும் கூடவே. வீட்டுக்காரர் என்ன வேலை, இந்நேரத்துக்கு வெளியே வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாரா. நடுவில் என் பையை வைத்தேன். பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "நமக்குள் என்ன" என்றார்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஓட்டுநர் ஓரமாக நிறுத்தினார். "மேடம், பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். முன்னால் வந்துவிடுங்கள்" என்றார். எனக்குக் குமட்டவில்லை. குமட்டுகிறது என்று நான் சொல்லவும் இல்லை. எழுந்துபோய் முன்னால் உட்கார்ந்தேன். அடிவாரம் வரை யாரும் பேசவில்லை. அந்த ஓட்டுநர் வேண்டுமென்றேதான் நிறுத்தினாரா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டு அவர் வேலைக்கு உலை வைக்க எனக்கு விருப்பமில்லை.

அலுவலகத்துக்குப் போய்ச் செய்தி தட்டினேன். "ஏற்காடு கோடை விழா கோலாகலமாக நிறைவு." கடைசிப் பத்தியில் கலந்துகொண்டவர்கள் பட்டியல். அந்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் இனிஷியல் பிசகாமல் நானே எழுதினேன். விட்டிருந்தால் மறுநாள் அலுவலகத்துக்குப் போன் வந்திருக்கும். மலைப்பாதையை விட அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் அறுத்தது.

ஜூன் 5, இரவு 11.05

"புகார் கொடுத்திருக்க வேண்டும்" என்று ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டீர்கள். எங்கே என்று ஒருவரும் எழுதவில்லை.

நானே எழுதுகிறேன். ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற சமூகப் பணியாளருக்கு நடந்த பாலியல் கொடுமையைத் தொடர்ந்து, பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழிகாட்டுதல்களைத் தந்தது. அது சட்டமாக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். வேலை நிமித்தம் போகிற இடமெல்லாம் பணியிடம்தான். ஆக அந்த மலைப்பாதையும் பணியிடம்.

வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பகுதி நேர நிருபர்கள் கவனிக்க: தற்காலிகம், தினக்கூலி, பயிற்சி, சம்பளமே இல்லாத வேலை, எல்லாருமே அந்தச் சட்டத்தின்படி ஊழியர்தான். "நீ எங்கள் ஆளே இல்லை" என்று பத்திரிகை கைகழுவ முடியாது. தொல்லை கொடுத்தவர் வெளியாளாக இருந்தாலும், அந்தப் பெண் காவல் நிலையம் போக விரும்பினால் உதவ வேண்டியது முதலாளியின் கடமை என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இனி நடந்தது. என் மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர். நான் சொன்னதை நம்பினார், கோபப்பட்டார். பிறகு, "இனிமேல் ஏற்காட்டுக்கு வேறு ஆளை அனுப்பிவிடுகிறேன், நீ கவலைப்படாதே" என்றார்.

முடிந்தது. ஏற்காடு என் கையைவிட்டுப் போனது. மலைக்கிராமங்களில் சாலை இல்லாமல் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த செய்தி, காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் கூலிச் செய்தி, இவையெல்லாம் நான் அலைந்து பிடித்த தொடர்புகளில் இருந்து வந்தவை. அந்த அதிகாரி அடுத்த ஆண்டும் மேடையில் நன்றியுரை சொன்னார். தண்டனை எனக்கு, அதற்குப் பெயர் பாதுகாப்பு.

ஜூன் 6, மதியம் 2.15

தோல் விஷயம் பாக்கி இருக்கிறது.

யுனெஸ்கோவும் சர்வதேச இதழாளர் மையமும் 2020இல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. 125 நாடுகளில் 901 இதழாளர்கள். பதில் சொன்ன பெண்களில் 73 சதவீதம் பேர் இணையத்தில் வன்முறையைச் சந்தித்தவர்கள். 25 சதவீதம் பேர்தான் நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதற்குக் கிடைத்தவற்றில் முதலிடம், பதிலே இல்லை. அடுத்த இடம் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? "தோலைத் தடிமனாக்கிக்கொள்" என்ற புத்திமதிக்கு. கேள்வி கேட்டவரே, நீங்கள் உலகத் தரம்.

அதே கணிப்பில் 12 சதவீதம் பேர் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போயிருக்கிறார்கள். நான் போனது பல் மருத்துவரிடம்.

சிரிக்காதீர்கள். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். இட்லியைக்கூட ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடியும். சொத்தைப் பல் என்று நினைத்து ஐந்து ரோடு பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அந்த அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பல் நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறீர்கள். ஓரமெல்லாம் தேய்ந்திருக்கிறது. என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றார். சொன்னேன். "தூங்கும்போது போனை எங்கே வைப்பீர்கள்?" என்றார். தலையணைக்கு அடியில். வேறு எங்கே வைக்க முடியும்? நள்ளிரவில் தீ விபத்து என்றால் எடுத்தாக வேண்டுமே. இரவில் மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்து கொடுத்தார். அதைக் கடித்துக் கடித்து அதிலும் பள்ளம் விழுந்தது.

செய்தி வரும் ஓசையை மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் அம்மாப்பேட்டை டவுன் பஸ்ஸில் யாருடைய கைபேசியிலோ பழைய ஓசை ஒலித்தது. எனக்குக் கை வேர்த்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பாட்டி, "வெயிலா கண்ணு?" என்று முந்தானையால் விசிறினார்.

வீட்டில் கைபேசியைக் கவிழ்த்து வைக்கப் பழகினேன். கவிழ்த்து வைப்பதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாமியார் நினைத்தார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 6, மதியம் 2.40

மேலே விட்டுப்போனது. மாமியார் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 7, காலை 8.00

ஓய்வுபெற்ற புகைப்படக்காரர் அண்ணன் எழுதியிருக்கிறார்: "எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை." அண்ணா, உங்கள் காலத்தில் சேலம் பிரஸ் மீட்டில் பெண்களே இல்லை. யாரைத் தொல்லை செய்வார்கள், ஒலிபெருக்கியையா?

ஜூன் 7, இரவு 9.15

அண்ணனை நான் கொஞ்சம் அதிகமாகக் கிண்டல் செய்துவிட்டதாக இரண்டு பேர் தனியாகச் சொன்னார்கள். அவருடைய வகையைச் சேர்ந்த மூத்தவர்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். இரவுக் கூட்டம் முடிந்தால் பழைய பேருந்து நிலையத்தில் எனக்குப் பஸ் வரும்வரை டீ குடிப்பதுபோல் நிற்பார்கள். டீ எப்போதோ தீர்ந்திருக்கும். "உனக்காக நிற்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதே ஆட்கள்தான் செய்தியாளர் குழுவில் ஒருவன் ஆபாசப் படம் போட்டால் வாயே திறக்க மாட்டார்கள். "குழு மாறிப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும்" என்று அவன் கைகூப்பும் பொம்மை போடுவான். எப்போதும் குழு மாறித்தான் போடுகிறார்கள், பாவம்.

ஜூன் 9, மாலை 5.50

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "பெரிய இடத்தில் நடந்திருந்தால் உடனே நடவடிக்கை எடுத்திருப்பார்கள், மாவட்டத்தில்தான் இப்படி" என்கிறார். பெரிய இடத்துக்கே போவோம்.

2018 ஏப்ரலில் கிண்டி ராஜ்பவனில் செய்தியாளர் சந்திப்பு. கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தில் அன்றைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தட்டினார். பேத்தி மாதிரி நினைத்துத் தட்டியதாக விளக்கமும் மன்னிப்பும் கடிதமாக வந்தன. அந்தச் செய்தியாளர் முகத்தைப் பலமுறை கழுவியும் அந்த உணர்வு போகவில்லை என்று எழுதியிருந்தார். இந்த மனிதர்களுக்கு ஏன் நாம் எப்போதும் பேத்தியாகவும் பாப்பாவாகவும் தெரிகிறோம்? கேள்வியைத் தாத்தாவிடமா கேட்டார்? ஆளுநரிடம் கேட்டார்.

அதையொட்டி நடிகர் எஸ்.வி.சேகர் பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். வழக்கில் தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில்: ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை உறுதி செய்தது. எல்லாரும் பார்த்த ஒரு பதிவுக்கு விசாரணை நீதிமன்றத்தில் மட்டும் ஏறக்குறைய ஆறு வருடம். நான் ஏறி வந்த அந்த அரசு வாகனத்துக்குள் கேமராவும் இல்லை.

ஜூன் 9, மாலை 6.20

இன்னொன்று. முன்னாள் பத்திரிகை ஆசிரியரும் அப்போதைய மத்திய இணை அமைச்சருமான எம்.ஜே.அக்பர் தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக 2018இல் இதழாளர் பிரியா ரமணி வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு ரமணி மீதுதான் பாய்ந்தது, அவதூறு என்று. 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல்லாண்டு கழித்தும், தான் விரும்பும் எந்த இடத்திலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. "அப்போதே ஏன் சொல்லவில்லை" கோஷ்டி அதைத் தேடிப் படிக்கலாம்.

ஜூன் 11, இரவு 10.00

சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை என் முதல் குறிப்பைப் பிடித்துக்கொண்டாள். "பெருநகரத்தில் மட்டும் யாரென்று தெரியாதா அக்கா? எனக்குத் தொல்லை கொடுத்தவர் மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார்." உண்மை. பிரியா ரமணி விஷயத்தை நானே எழுதிவிட்டு மாநகரம், மாவட்டம் என்று அப்படியொரு கோடு போட்டது நிற்காது. எது மாறுகிறது என்றால், அவள் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டாள். சேலத்தில் வேறு பத்திரிகைக்குப் போனாலும் அதே திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், அதே அலுவலகம், அதே ஆட்கள்.

முகம் தெரியாத கூட்டம் எனக்கும் வந்திருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பு பற்றி ஒரு செய்தி எழுதினேன். யாரோ என் திருமணப் படத்தை எடுத்து உள்ளூர்ப் பக்கம் ஒன்றில் போட்டுவிட்டார்கள். வந்த வசவுகளில் என்னை உறுத்தியது கெட்ட வார்த்தைகள் இல்லை. "இவள் என்ன ஆளுங்க?" என்று ஒருவர் கேட்க, கீழே பத்துப் பேர் வந்து என் கணவர் குடும்பம் வரை அலசியிருந்தார்கள். ஏரியில் எத்தனை ஏக்கர் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நிலம் சம்பந்தமான செய்தி வந்தால் பெயர் போடாமல் கொடுத்தேன். பிறகு கொடுப்பதையே குறைத்தேன். குறைத்தது எனக்கே கொஞ்ச நாள் தெரியவில்லை. "இது அவ்வளவு பெரிய செய்தி இல்லை" என்று மனதே நியாயம் சொல்லிக்கொண்டது.

இதழாசிரியர் கௌரி லங்கேஷை இங்கே ஒருவர் இழுத்தார். 2017 செப்டம்பர் 5, பெங்களூரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். என் கதையை அதன் பக்கத்தில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க இரவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கும்போது முதுகு கூசியது உண்மை. அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஜூன் 12, காலை 6.45

கேள்வி கேட்டவர் இப்போது சேலத்தில் நல்ல இமாம்பசந்த் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். பேச்சை மாற்றுகிறார் என்றால் சமாதானத்துக்கு வருகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். கடை வீதி. கல் வைத்துப் பழுக்க வைத்ததா என்று முகர்ந்து பார்த்து வாங்கவும்.

ஜூன் 14, இரவு 9.30

பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கும் மாணவி: "அக்கா, இதையெல்லாம் படித்த பிறகு நான் வேலைக்கு வரலாமா, வேண்டாமா?"

வா. வந்து ஏற்காட்டைக் கேட்டு வாங்கு. நான் விட்டுவிட்டு வந்த செய்திகள் அங்கே அப்படியே கிடக்கின்றன. வேலைக்கு இரண்டாவது சிம் வைத்துக்கொள்; முகப்புப் படத்தில் முகம் வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது, பூட்டெல்லாம் நம் வீட்டுக்குத்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

எதையும் அழிக்காதே. அருவருப்பில் உடனே அழிக்கத் தோன்றும். நான் அந்தக் குரல் பதிவை அழித்தேன். நீ அழிக்காமல் தேதியோடு சேமித்து, நம்பகமான ஒருவருக்கு அன்றே அனுப்பி வை.

முக்கியமானது: ஒரே ஒரு முறை தெளிவாக எழுது. "செய்தி தவிர வேறு எதற்கும் எனக்கு எழுத வேண்டாம், சார்." சிரிக்கும் பொம்மை சேர்க்காதே. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு, விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை. நாம் தொழிலுக்காகச் சிரித்து மழுப்பிய பதில்கள்தான் அவர்களுக்குச் சாட்சியாகிவிடும். அந்த ஒற்றை வரி உன் சாட்சி.

"ஏற்காட்டில் நடந்தால் சேலம் நகரக் காவல் நிலையத்தில் வாங்க மாட்டார்களே" என்று கேட்டாய். நகரம் ஆணையரின் கீழ், ஏற்காடு மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ். அலைக்கழிக்க அது வசதிதான். ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், பதிவு செய்தாக வேண்டும்.

ஜூன் 14, இரவு 9.55

அவளுடைய அடுத்த கேள்வி: நாலு பேர் மட்டும் இருக்கும் பத்திரிகை என்றால்? உள்ளகக் குழு இருக்காது. மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேள், வழி சொல்வார். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடு. காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க முடியும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதே.